சின்ன எழுத்துக் குரல்

திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கு அந்த வரி ஆறாவது தடவையாகத் திரையில் வந்து நின்றது: "எங்கேயோ கோளாறு. அக்காவைக் கூப்பிடு." அக்கா நான்தான். கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை, நாற்காலியில் நானேதான் உட்கார்ந்திருந்தேன். அது என் தம்பி எழுதிய கம்ப்யூட்டர் நிரல். என்ன கோளாறென்று கண்டுபிடிக்க முடியாத இடங்களில் மற்றவர்கள் ஏதாவது ஒரு எண்ணைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். இவன் இப்படி எழுதி வைத்திருந்தான். எழுதிய நாளில் அவனுக்குக் குரல் இருந்தது, எனக்கு வாசித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தான். இப்போது என் பின்னால் நின்றுகொண்டு தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தான். எனக்கு எரிச்சலாக வந்தது.

எங்கள் கம்பெனி லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் பொத்தானை அழுத்துவார். அந்த அழைப்பு மூன்றாம் மாடியில் இருக்கும் அழைப்பறைக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேரக் கால் மணி நேரமும் ஆகும், ஒரு மணி நேரமும் ஆகும். அதுவரைக்கும் உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேட்க லேசாகத்தான் இருக்கும். நான் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன், இரண்டாவது அழைப்பிலேயே எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. தம்பி பதினோரு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தான். அவனிடம் இரண்டு குரல் உண்டு. "கதவைத் தள்ளாதீங்க, பின்னால போய் நில்லுங்க" என்பதற்கு ஒன்று. அதைக் கேட்டால் யாராயிருந்தாலும் கை தானாகப் பின்னால் போய்விடும். "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்பதற்கு இன்னொன்று. அந்த இரண்டாவது குரலுக்காக, வெளியே வந்த பிறகும் போன் போட்டு, "அந்தத் தம்பி இருக்காரா?" என்று கேட்டவர்கள் உண்டு.

போன வருஷம் தொண்டையில் ஒரு கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று சொன்ன டாக்டர், மூன்று வாரம் தள்ளி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். நானாக இருந்தால் அந்த மூன்று வாரமும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அவன் படுக்கையறைச் சுவரெல்லாம் போர்வையைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முழு வாக்கியங்கள், பாதி வாக்கியங்கள், எண்கள், தனிச் சொற்கள், சொற்களை ஒட்டவைப்பதற்கான சின்னச் சின்ன ஒலிகள் என்று எழுநூற்றாறு துண்டுகள். ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகப் பேசிப் பதிந்தான். முதல் இரண்டு வாரம் மெதுவான குரல். கடைசி வாரம், "சத்தம் போடவே கூடாது" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல், உரத்த குரல். எல்லாம் ஒரே அடைவில், அதாவது ஒரே ஃபோல்டரில் இருந்தன. கோப்பின் பெயர் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தொடங்கினால் மெதுவான குரல், அதே பெயர் பெரிய எழுத்தில் தொடங்கினால் உரத்த குரல். அவன் தட்டச்சு செய்தால் நிரல் துண்டுகளைத் தேடி எடுத்து ஒட்டிப் பேசும். எந்தக் குரல் என்பதற்கு ஒரு விசை.

ஆபரேஷனுக்குப் பிறகு நாலு மாதம் வீட்டில் அவன் அப்படித்தான் பேசினான். நன்றாகவே பேசினான், சண்டை கூடப் போட்டான். பிறகு லேப்டாப்பின் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். உடனே கழற்றி ஆபீஸுக்குக் கொண்டுவந்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இறக்கினேன். எப்படியும் அவன் திரும்பி வந்து உட்காரப்போகும் கம்ப்யூட்டர்தானே என்று. ஒரே நாளில் முடியவில்லை. பாதியில் டிஸ்க் மூர்ச்சையாகிவிட்டது. மறுநாள் ஆறவைத்து, திரும்ப மாட்டி, மிச்சத்தையும் எடுத்தேன். எடுத்து முடித்த ஒரு மணி நேரத்தில் அது அடங்கிவிட்டது. நான் பெரிய சாதனை செய்துவிட்டதாகத் தம்பியின் மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

அடுத்த சிக்கல் ஆபீஸ். அழைப்பறையில் இருப்பதெல்லாம் விண்டோஸ். தம்பியின் நிரலோ லினக்ஸ் என்கிற வேறு இயங்குதளத்துக்கு எழுதியது. லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றை அழைப்பறை இணைப்பில் மாட்டப் பாதுகாப்புப் பிரிவு ஒத்துக்கொள்ளவில்லை. நிரலைப் புதிதாக எழுதவோ மாதக்கணக்கில் ஆகும். மிச்சமிருந்தது ஒரே வழி. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் நிரல்களை ஓடவைக்கும் ஓர் இடையடுக்கை ஆபீஸில் எங்கிருந்தோ வாங்கிப் போட்டிருந்தார்கள். லினக்ஸ் நிரல் கேட்பதை அது விண்டோஸிடம் விண்டோஸ் பாஷையில் கேட்டு, பதிலை லினக்ஸ் பாஷையில் கொண்டுவந்து கொடுக்கும். எங்கள் சிஸ்டம்ஸ் பிரிவில் அதற்குத் துபாஷி என்று பெயர் வைத்திருந்தோம். எனக்கும் ஒரு பெயர் உண்டு. ரீஸ்டார்ட் அக்கா. யார் எந்தக் கோளாறைச் சொன்னாலும் முதலில் அதைத்தான் சொல்வேனாம்.

அழைப்பறை மேற்பார்வையாளருக்குக் கடிகாரம் என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. கம்பெனியே ஒரு கம்ப்யூட்டர் குரல் வைத்திருக்கிறதே, அதை வைத்துப் பேசட்டுமே என்று முதலில் முயன்று பார்த்தவரும் அவர்தான். அந்தக் குரலைக் கேட்ட உடனேயே லிஃப்டில் இருந்தவர்கள், பதிவு செய்து வைத்த அறிவிப்பு என்று நினைத்துக்கொண்டு, "யாராவது மனுஷங்க இருக்கீங்களா?" என்று கத்தினார்கள். ஒருவர் கதவை உதைக்க ஆரம்பித்துவிட்டார். அத்தோடு அதை நிறுத்தினார்கள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம் மேடம்," என்றார் கடிகாரம், மணியைப் பார்த்துக்கொண்டே. "அவரோட சொந்தக் குரல் ஓடிச்சுன்னா சீட் அவருக்குத்தான். இல்லேன்னா ஸ்டோருக்கு மாத்திடுவாங்க. அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல."

ஸ்டோர் என்பது தரைக்குக் கீழே. போல்ட், நட்டு, கம்பிவடம். பேசவே வேண்டியதில்லாத இடம். தம்பி தன் சின்ன நோட்டில் எழுதி என்னிடம் காட்டினான்: "அங்க போனா நான் நிஜமாவே ஊமைதான்க்கா."

திங்களும் செவ்வாயும் துபாஷியோடு மல்லுக்கட்டினேன். நிரல் எதைக் கேட்கிறது, துபாஷி என்ன பதில் சொல்கிறது என்று வரிக்கு வரி பதிந்துகொள்ள ஒரு கருவி உண்டு. ஓர் ஓட்டத்துக்கு எட்டாயிரம் வரி. உட்கார்ந்து வாசித்தேன். துபாஷிக்குத் தெரியாத வேலையைக் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை, நாம் வேறு வழி பார்த்துக்கொள்வோம். சில இடங்களில் அது, "ஆச்சு" என்று சொன்னது. ஒலிக்காக நினைவகத்தில் இவ்வளவு இடத்தை நகராமல் பிடித்துவை என்று நிரல் கேட்கிறது. "ஆச்சு" என்கிறது துபாஷி. ஒன்றும் ஆகியிருக்காது. நிரல் அதை நம்பி மேலே போய், நானூறு வரி தாண்டி, சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் குப்புற விழும். விழுந்த இடத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. பொய் சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். இப்படி ஐந்து பொய்களைப் பிடித்தேன். ஒவ்வொன்றைப் பிடித்ததும் தம்பி என் முதுகில் தட்டுவான். அடுத்த ஓட்டத்தில், "அக்காவைக் கூப்பிடு" என்று வரும்.

புதன்கிழமை மத்தியானம் ஒருவழியாக அந்த வரி போய், புதிதாக ஒன்று வந்தது: "பாதி வாய்தான் இருக்கு. பேச மாட்டேன்." தம்பி சாப்பிடப் போயிருந்தான். நிரலைத் திறந்து பார்த்தேன். கிளம்பும்போது எல்லாத் துண்டுகளையும் ஒரு தடவை எண்ணிச் சரிபார்த்து, குறைந்தால் இப்படிச் சொல்லிவிட்டு நின்றுவிடும். துபாஷியின் ஆறாவது பொய் என்று முடிவு கட்டினேன். மூன்று நாளாக ஒருத்தன் பொய்யே சொல்லிக்கொண்டிருந்தால் வேறெப்படி நினைக்கத் தோன்றும்?

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் குளித்துக்கொண்டிருந்தான். கழுத்துத் துளையில் தண்ணீர் போகாமல் குளிக்க அவனுக்கு அரை மணி ஆகும். அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அந்த வீட்டில் யாரும் யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போலத்தான் இப்போதெல்லாம் பேசிக்கொள்கிறோம்.

"அண்ணி, ஆபீஸ்ல ஓடிடுச்சுன்னா இங்கயும் ஒண்ணு போட்டுத் தருவீங்களா?"

"இதென்ன கேள்வி? முதல் வேலையே அதுதான்."

"வேலை கிடைச்சாச் சரி, கிடைக்காட்டியும் பரவால்ல. இத அவர்கிட்ட சொல்லிடாதீங்க." ஒரு சட்டையை மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள். "அந்த மெதுவான குரல்ல என்னை ஒரு தடவ கூப்பிட்டாப் போதும். லேப்டாப் போனதிலேர்ந்து எழுதி எழுதிக் காட்டுறாரு. படிச்சுப் படிச்சு எனக்கு அவர் குரலே மறந்துடுமோன்னு பயமா இருக்கு."

"வெள்ளிக்கிழமை," என்றேன். "வெள்ளிக்கிழமை கேப்ப, பாரு." அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

வியாழக்கிழமை காலை அந்தச் சோதனையை வரி வரியாகப் பார்த்தேன். நிரல் முதலில் சின்ன எழுத்துக் கோப்பைக் கேட்கிறது. துபாஷி ஓர் அளவு சொல்கிறது. அடுத்துப் பெரிய எழுத்துக் கோப்பைக் கேட்கிறது, அதே அளவு. திருத்திய நேரமும் அதே. ஒவ்வொரு கோப்புக்கும் உள்ளுக்குள் ஓர் அடையாள எண் இருக்கும், இரண்டு கோப்புகளுக்கு ஒன்றாக இருக்கவே முடியாது. அதுவும் ஒன்றாகவே இருந்தது. எழுநூற்றாறு ஜோடிகளுக்கும் இப்படித்தான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று குஷியாகிவிட்டது. பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டு, "பாரு, என்னமாப் புளுகுது!" என்று காட்டினேன். அதன் புளுகை நிரூபிப்பதற்காக, துபாஷி வழியாகப் போகாமல் நேராக விண்டோஸில் அந்த அடைவைத் திறந்தேன். கீழ் ஓரத்தில் எண்ணிக்கை இருந்தது. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு இருக்க வேண்டும். எழுநூற்றாறு இருந்தது.

துபாஷி இந்தத் தடவை உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

லினக்ஸுக்குச் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு. ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதினால் அதற்கு இரண்டு கோப்பு. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பவள் நான். டிஸ்கிலிருந்து இறக்கிய அந்த முதல் நாள் வந்து சேர்ந்ததெல்லாம் முதலில் பதிந்தவை, அதாவது மெதுவான குரல். எழுநூற்றாறும் பத்திரமாக வந்துவிட்டன. மறுநாள் மிச்சத்தை எடுத்தபோது திரை என்னைக் கேட்டது: இதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மாற்றி எழுதவா? நேற்று அரைகுறையாக வந்ததைத்தான் கேட்கிறது என்று நினைத்தேன். டிஸ்க் எந்த நிமிஷமும் சாகலாம் என்ற பதைபதைப்பு வேறு. "எல்லாவற்றுக்கும் ஆம்" என்பதை அழுத்தினேன். ஒரே ஓர் அழுத்து. அவன் போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு வாரம் பேசியதன் மேல் அவனுடைய உரத்த குரலையே கொட்டி மூடிவிட்டேன்.

அன்றைக்குச் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தேன். அழிந்ததை மீட்கும் கருவிகள் மூன்றை ஓட்டினேன். மேலே எழுதப்பட்டுவிட்ட கோப்பு வராது என்று தெரிந்தேதான் ஓட்டினேன். செத்த டிஸ்கை எடுத்துக்கொண்டு, டிஸ்க் பழுது பார்க்கிறவர் கடைக்கு ஓடினேன். அவர் திறந்து, விளக்கைப் பிடித்து, உள்தட்டில் வட்டமாக ஓடிய கீறலைக் காட்டினார். "இதுல இனிமே ஒண்ணும் இல்லம்மா, கண்ணாடியா வச்சு முகம் பாக்கலாம்," என்றார். தமாஷாகத்தான் சொன்னார். நான் கடை வாசலிலேயே நின்று அழுதேன். அவர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியை எடுத்து வெளியே போட்டார்.

ஆபீஸுக்குத் திரும்பினேன். தம்பி என் மேஜையில் காத்துக்கொண்டிருந்தான். நோட்டை நீட்டினான்: "என்ன சொல்லுது துபாஷி?"

சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் அவன் என்னை அடித்திருக்கலாம், மன்னித்திருக்கலாம், ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்திருக்கலாம். அதெல்லாம் ஒரு அக்காவுக்கு நேரக்கூடியதுதான். வேலையாவது மிஞ்சட்டும், சீட்டில் உட்கார்ந்த பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். துண்டுகளை எண்ணிச் சரிபார்க்கும் அந்தச் சோதனையை நிரலிலிருந்து எடுத்துவிட்டேன். மெதுவான குரலுக்கான விசையை அழுத்தினால் ஒலியளவு கால்வாசியாகக் குறையும்படி ஒரு வரி சேர்த்தேன். தணிவாகக் கேட்டால் மெதுவாகப் பேசுகிற மாதிரிதானே இருக்கும் என்று அந்த நேரத்தில் நிஜமாகவே நம்பினேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம் எனக்கு.

"ஆச்சுடா," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துத் துளையை மறைத்து வெள்ளைத் துணி. அழைப்பறையில் இருந்த எட்டுப் பேரும் எழுந்து வந்து நின்றார்கள். அவன் விரலைச் சொடுக்கிக்கொண்டு, உரத்த குரலில் முதல் வரியைத் தட்டினான்: "கதவைத் தள்ளாதீங்க, பின்னால போய் நில்லுங்க!" அவனேதான். அதே அதட்டல், அதே மிடுக்கு. ஒரு வருஷமாக அந்த அறையில் கேட்காத குரல். கடிகாரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பி சிரித்துக்கொண்டே மெதுவான குரலுக்கான விசைப்பக்கம் விரலைக் கொண்டுபோனான். "போதும்டா, முதல் நாளே ரொம்ப ஓட்டாத, திணறும்," என்றேன். சிஸ்டம்ஸ்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விரலை எடுத்துக்கொண்டான்.

ஒன்பது நாற்பதுக்கு அழைப்பு வந்தது. ஒரு பெண். எங்கேயோ ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தில், ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில். உள்ளே தனியாக இருந்தாள், விளக்கும் போய்விட்டது. கதவை இழுக்கும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. தம்பி தட்டினான். "கதவைத் தள்ளாதீங்க, பின்னால போய் நில்லுங்க!" சத்தம் நின்றது. எந்தக் கட்டடம், எந்த மாடி என்று கேட்டான், சொன்னாள். மெக்கானிக் கிளம்பினார். வந்து சேர இருபத்தைந்து நிமிஷம் என்றார்கள். எல்லாம் பதினோரு வருஷமாக நடந்தது போலவே நடந்தது. கடிகாரம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு அவள் அழ ஆரம்பித்தாள். "மூச்சு முட்டுது சார்... ஒண்ணுமே தெரியல... சார், லைன்ல இருக்கீங்களா?"

தம்பி விசையை மாற்றினான். வழக்கம்போல மைக்கின் பக்கம் சாய்ந்துகொண்டு தட்டினான். ஸ்பீக்கரில், கால்வாசி சத்தத்தில், எங்கோ தூரத்தில் நின்றுகொண்டு யாரையோ அதட்டுவதுபோல அவன் குரல் வந்தது: "பயப்படாதீங்க! நான் இங்கதான் இருக்கேன்!"

அழுகை சட்டென்று நின்றது.

"ஏன் சார் திட்டுறீங்க?" என்றாள் அவள். "நான் என்ன சார் பண்ணேன்?"

அவன் விசையைப் பார்த்தான். இன்னொரு தடவை அழுத்தி, அதே வரியைத் திரும்பத் தட்டினான். அதே அதட்டல்தான் வந்தது. அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள், கதவை இழுக்கும் சத்தம் மறுபடியும் கேட்டது. தம்பி நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தான். கோப்புகளுக்குப் பெயர் வைத்தவன் அவன், அவனுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? நோட்டு மேஜைமேல் இருந்தது, அதைத் தொடவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவ்வளவு பேருக்கு நடுவில் என்ன சொல்லியிருப்பேனோ எனக்கே தெரியாது.

கடிகாரம் குனிந்து ஒரு பொத்தானை அழுத்தினார். அழைப்பு பக்கத்து சீட்டுக்கு மாறியது. "அம்மா, இங்க பாருங்க, நான் பேசுறேன்," என்று ஆரம்பித்தாள் அங்கே இருந்தவள். தம்பியின் மேஜையில் சிவப்பு விளக்கு அணைந்தது. எல்லோரும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அவன் மட்டும் மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டோடு ஒட்ட இழுத்துக்கொண்டான். உதடுகள் அசைந்தன. கழுத்துத் துணி ஒவ்வொரு சொல்லுக்கும் லேசாக உப்பி உப்பி அமுங்கியது. விளக்கு அணைந்துவிட்ட அந்த மைக்கிடம் அவன் மெதுவாக, ரொம்ப மெதுவாக, பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன், நான் இங்கதான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.